நீல மூடிக் குழாய்

"கொஞ்சம் தள்ளுங்க சார், அவங்க கையை மட்டும்—"

"கையைத் தொடாதீங்கம்மா! காலைலயே ஒரு குழாய் எடுத்தாச்சு—"

"அது வேற குழாய், இது வேற குழாய். ஒரு நிமிஷம் நான் சொல்றதை—"

"—எடுத்துட்டுப் போய், ஒண்ணுமே இல்லைன்னு சொன்னதும் நீங்கதான். இல்லாத எடத்துல இன்னும் எடுக்கணும்னு வந்து நிக்கறதும் நீங்கதான். இது என்ன நியாயம்?"

"ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லலை சார். மெஷின் சொல்லிச்சு."

"அப்ப மெஷினைக் கூட்டிட்டு வாங்க, நான் அதுகிட்டப் பேசிக்கறேன்!"

இந்த இரண்டு பேருக்கும் நடுவே கட்டிலில் படுத்திருந்தது நான். வலது பக்கம் ஒருத்தி ஊசியோடு, இடது பக்கம் ஒருவன் வெறுங்கையோடு. என் தலைக்கு மேலே பேச்சு போவதும் வருவதுமாக இருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெறுங்கையோடு நின்றவன் என் தம்பி. பேருந்து ஓட்டுகிறான். வீட்டில் அவனுக்கு ஹாரன் என்று பெயர். அவன் மெதுவாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஊசியோடு நின்றவள் அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மூன்றாவது மாடியிலிருந்து படியில் இறங்கி ஓடி வந்திருந்தாள், மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு யாரோ ஆறடி ஆளுக்குத் தைத்தது. கைகளை நாலு மடிப்பு மடித்துக் குண்டூசி குத்தியிருந்தாள். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் இறங்கிக் கிடந்தது. உயிர் போகுமா இருக்குமா என்று கிடக்கிற நேரத்திலும் என் கண் அதைத்தான் பார்த்தது. முப்பத்தாறு வருஷத் தையல்காரியின் கண் வேறு எதைப் பார்க்கும்?

நான் அங்கே வந்து சேர்ந்த கதையும் தையலில்தான் ஆரம்பித்தது.

பத்து வருஷமாக எனக்கு மூட்டுகள் வீங்கும், வலிக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கால். அதற்கு மாத்திரை உண்டு. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம், நூற்று அறுபது சீருடை என் தலையில் இருந்தது. மாத்திரை போட்டால் வயிறு புரட்டுகிறது, புரட்டினால் உட்கார முடியவில்லை. ஆகவே நிறுத்திவிட்டேன். ஐந்து வாரம். யாரிடமும் மூச்சு விடவில்லை. முழங்கால் வலிக்காகத் தையல் மெஷினில் மோட்டார் வேறு பொருத்தியிருந்தேன், மிதிக்கிற வேலைகூடக் காலுக்குக் கிடையாது. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன், அப்புறம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு.

போன புதன்கிழமை என் பைஜாமாவின் இடது கால் கெண்டைச் சதையில் இறுக்கியது. தைத்தது தப்பு என்று நினைத்தேன். பிரித்து அரை அங்குலம் விட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி இறுக்கியது. இன்னும் ஒரு அரை அங்குலம். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாகப் பிரிக்க உட்கார்ந்தபோது தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, ஒரே காலைத் திரும்பத் திரும்பப் பிரிக்கறீங்க?"

"வெட்டறப்பவே கோணிடுச்சு போல. துணி சுருங்கிட்டே போகுது."

"ஒரு கால் மட்டுமா சுருங்கும்?"

"உனக்குத் துணியைப் பத்தி என்ன தெரியும்? சுருங்கும்."

அவள் என் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவினாள். குனிந்து என் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தாள்.

"வலது பதிமூணு. இடது பதினாலே முக்கால்."

"நாடாவை இறுக்கிப் பிடிக்கத் தெரியலை உனக்கு. இன்னொரு தடவை வை."

"மூணு தடவை வெச்சாச்சு. துணி சரியாத்தான் இருக்கு அண்ணி. கால்தான் சரியில்லை."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்த டாக்டர், மகன் வயசுதான் இருக்கும், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"தொடையில பெரிய ரத்தக்குழாய் இருக்கு. அதுக்குள்ள ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கு. ஒரு துண்டு பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆபத்து. மேல மேல உறையாம இருக்க உடனே ஊசி போடணும். நடக்க வேண்டாம். அசையாமப் படுத்திருங்க."

ஊசி வந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பஞ்சுக்கு மேல் இருந்தது. வயிற்றைத் துடைக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது தொலைபேசி அடித்தது. டாக்டர் கேட்டார், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், வைத்தார். ஊசியை எடுத்து மறுபடி தட்டில் வைத்தார்.

"என்னாச்சு டாக்டர்?" என்றான் தம்பி.

"பிளேட்லெட் பதினெட்டாயிரம்தான் இருக்காம். குறைஞ்சது ஒன்றரை லட்சம் இருக்கணும்."

"அது என்ன பண்ணும்?"

"எங்கயாவது வெட்டுப்பட்டா ரத்தக்குழாயை முதல்ல போய் அடைக்கறது அதுதான். அது இல்லாதவங்களுக்கு இந்த ஊசியைப் போட்டா, மூளைக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ கசிய ஆரம்பிச்சா நிறுத்த முடியாது."

"சரி, போட வேண்டாம். போடலைன்னா?"

டாக்டர் என் காலைப் பார்த்தார். அதுதான் பதில்.

"பிளேட்லெட் ஏத்திப் பார்க்கலாம். குடுக்கறதுக்கு ஆள் இருந்தா வரச் சொல்லுங்க."

ஹாரன் வராந்தாவில் நின்று போனில் பேசியது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். அரை மணி நேரத்தில் அவனுடைய பணிமனையிலிருந்து இரண்டு கண்டக்டர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் தடியர், ஒருவர் ஒல்லி. ஆளுக்கு இரண்டு டம்ளர் ஜூஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தான். ஒல்லி ஆளுக்கு ஊசி என்றால் பயம் போலிருக்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இவள் படியில் ஓடி வந்து, கையில் நீல மூடி போட்ட ஒரு குழாயோடு என் பக்கத்தில் நின்றாள். சண்டை ஆரம்பித்தது.

"நான் சொல்றதை முழுசாக் கேளுங்க சார். தப்பு என்னோடது."

தம்பி நின்றுவிட்டான். தப்பு என்னுடையது என்று எதிராளி சொல்லிவிட்டால் அவனுக்கு அடுத்த கியர் விழாது.

"அவசரம், எண்ணிக்கையைச் சொல்லுன்னு கேட்டாங்க. மெஷின்ல வந்ததைப் போன்ல சொல்லிட்டேன். லட்சத்துக்குக் கீழ வந்தா ஒரு சொட்டைக் கண்ணாடில தடவி, காய வெச்சு, கண்ணால பார்த்துட்டுத்தான் சொல்லணும். பதினாறு வருஷமா அப்படித்தான் செய்யறேன். இன்னிக்கு அது காயறதுக்கு முன்னாடியே வாயை விட்டுட்டேன். இப்பப் பார்த்துட்டுத்தான் ஓடி வர்றேன்."

"பார்த்து?"

"பிளேட்லெட் இல்லாம இல்லை. எல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டுக் கிடக்கு."

"ஒடம்புக்குள்ளயா?" என்றேன் நான். நான் பேசியதும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள், கட்டிலே பேசியது மாதிரி.

"இல்லம்மா, குழாய்க்குள்ள. காலைல எடுத்தது ஊதா மூடிக் குழாய். ரத்தம் உறையாம இருக்க அதுல ஒரு மருந்து இருக்கும். ஆயிரத்துல ஒருத்தர் ரெண்டு பேர் ரத்தத்துக்கு அந்த மருந்து ஒத்துக்காது. பிளேட்லெட் எல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். மெஷின் சின்னச் சின்னதா இருக்கறதைத்தான் பிளேட்லெட்னு எண்ணும். கொத்தாப் போனா அது வேற ஏதோன்னு விட்டுடும்."

தம்பி யோசித்தான். அவன் யோசித்தால் மீசை ஒரு பக்கம் ஏறும்.

"அதாவது, பத்துப் பேர் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஆளா ஏறினா, கண்டக்டர் ஒரு டிக்கெட்னு எழுதிடுவான். அப்படியா?"

"டிக்கெட்டே எழுத மாட்டான் சார். மூட்டைன்னு நினைச்சு விட்டுடுவான்."

வாசலிலிருந்து தடியர் கண்டக்டர் குரல் கொடுத்தார். "நாங்க மூட்டைக்கும் டிக்கெட் போடுவோம்மா!"

"நீ சும்மா இரு!" என்றான் தம்பி. பிறகு அவளிடம், "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். தப்பா இருந்தா? நிஜமாவே பதினெட்டாயிரமா இருந்து, நீங்க இன்னொரு குழாய் எடுத்து, குத்தின எடத்துல ரத்தம் நிக்கலைன்னா? எனக்கு இருக்கறது ஒரு அக்கா. அவளை வெச்சு நீங்க சோதிச்சுப் பார்க்க வேண்டாம்."

அதைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் அவனிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பல் தேய்க்கறப்ப ரத்தம் வருதா?"

"இல்லை."

"ஒடம்புல எங்கயாவது செவப்பாப் புள்ளி புள்ளியா? நீலமாக் கன்னிப் போயிருக்கா?"

"இல்லையே."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"தையல்."

அவள் என் இடது கையைத் தூக்கி விரல் நுனியைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில் பழைய குத்து, புதுக் குத்து, எல்லாம் உண்டு.

"கடைசியா எப்ப ஊசி ஏறிச்சு?"

"இன்னிக்குக் காலைல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பொத்தான் தெச்சுடலாம்னு உட்கார்ந்தேன்."

"அக்கா!" என்றான் தம்பி.

"ரத்தம் வந்துச்சா?"

"ஒரு சொட்டு. வாய்ல வெக்கறதுக்குள்ள நின்னுடுச்சு."

"பதினெட்டாயிரத்துல அவ்வளவு சுலபமா நிக்காதும்மா," என்றாள் அவள். மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு அந்தப் பைஜாமா ஞாபகம் வந்தது. கால் வீங்கிக்கொண்டே போனது, நான் துணியைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். அளந்து பார்க்கிற வரை தம்பி மனைவிகூட வெறும் சந்தேகத்தில்தான் இருந்தாள். இங்கேயும் ஒருத்தி அளந்து பார்க்கத்தான் வந்து நிற்கிறாள். தன் தப்பைத் தன் வாயால் சொல்லிக்கொண்டு மூன்று மாடி ஓடி வந்தவள் வீண் வேலைக்கு வரமாட்டாள்.

நான் கையை நீட்டினேன்.

"அக்கா, வேண்டாம்னு சொல்றேன் இல்ல?"

"கை என்னோடதுடா."

அவள் உடனே கட்டினாள், தட்டினாள், குத்தினாள். எனக்குத் தெரிந்து யாரும் அவ்வளவு நோகாமல் குத்தியதில்லை. குழாயில் ஒரு கோடு இருந்தது. சரியாக அந்தக் கோடு வரைக்கும் நிரப்பி, மெதுவாக நாலைந்து தடவை கவிழ்த்து நிமிர்த்தினாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். பஞ்சை எடுத்தாள். காய்ந்த புள்ளி.

"நின்னுடுச்சு பாருங்க."

தம்பி குனிந்து பார்த்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். "நானும் மேல வர்றேன். என் கண்ணு முன்னாடி எண்ணுங்க," என்றான்.

இதற்குள் டாக்டர் வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "எனக்கும் அந்த எண்ணிக்கை இடிச்சுக்கிட்டேதான் இருந்தது," என்றார். "மூட்டு இவ்வளவு வீங்கியிருக்கறவங்களுக்குப் பிளேட்லெட் கூடத்தான் செய்யும். போய்ப் பாருங்க. நான் பிளேட்லெட் ஏத்தறதை நிறுத்தி வெக்கறேன். சீக்கிரம்."

அவர்கள் போனதும் தம்பி மனைவி என் தலைமாட்டில் வந்து நின்றாள். வெளியில் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. திரைச்சீலையின் கீழ் மடிப்பு ஒரு முழத்துக்குப் பிரிந்து தொங்கியது.

"அண்ணி, எங்க பார்க்கறீங்க? பயமா இருக்கா?"

"அந்த மடிப்பை யாராவது ஓட்டியிருக்கலாம்."

"இருந்து நீங்களே ஓட்டுங்க," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்கத் தெரியாதவள் என்று நேற்று சொன்னேனே, அந்தக் கை.

முப்பது நிமிஷத்தில் படியில் செருப்புச் சத்தம். ஹாரன் முன்னால், அவள் பின்னால்.

"அக்கா! நாலு லட்சத்து அம்பதாயிரம்!"

"நாலு லட்சத்து நாப்பதாயிரம் சார்."

"பத்தாயிரம் முன்ன பின்ன! அக்கா, மெஷின்ல நாலு வந்துச்சு. இவங்க பத்துல ஒரு பங்கு கூட்டணும்னு சொன்னாங்க, அந்தக் குழாய்ல இருக்கற தண்ணி மருந்துக்காக. அப்புறம் மெஷினை நம்பாம கண்ணாலயும் எண்ணினாங்க. நானும் அந்த மைக்ராஸ்கோப் குழல்ல பார்த்தேன். காலைலது கொத்துக் கொத்தா நிக்குது, கடைசி பஸ் போனப்புறம் ஸ்டாண்ட்ல நிக்கற கூட்டம் மாதிரி. இப்ப எடுத்தது தனித்தனியா, பொடிப் பொடியா. ஆனா ஒண்ணு அக்கா, இவங்க எண்ணறப்ப வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. கையில ஒரு சின்னப் பெட்டியை வெச்சு டிக் டிக்னு அமுக்கறாங்க. எவ்வளவு ஆச்சும்மான்னு கேக்கறேன், பதிலே இல்லை. நாலு தடவை கேட்டேன்!"

"எண்ணறப்ப நான் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன் சார். நடுவுல பேசினா முதல்லேர்ந்து எண்ணணும். நெருப்புப் பிடிச்சாலும் அப்படித்தான்."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். தட்டிலிருந்த ஊசியை எடுத்தார். இந்த முறை அது திரும்பத் தட்டுக்குப் போகவில்லை. வயிற்றில் சுருக்கென்று ஒரு எறும்புக் கடி, அவ்வளவுதான்.

"எனக்கு ஏன் டாக்டர் இப்படி உறைஞ்சுது?"

"மூட்டுல அழற்சி இருக்கு இல்லையா, அது மூட்டோட நிக்கறதில்லைம்மா. ஒடம்பு முழுக்கச் சேதி அனுப்புது. எங்கயோ அடிபட்டிருக்கு, ரத்தம் போகலாம், தயாரா இருங்கன்னு. அடியே படலை. ஆனாலும் பிளேட்லெட் கூடுது, ஒட்டிக்கற குணம் கூடுது, ரத்தத்தை உறைய வெக்கற மத்த பொருளும் கூடுது. அதோட நீங்க நாள் முழுக்கக் காலை அசைக்காம உட்காந்திருந்தா, கால்ல ரத்தம் மந்தமா ஓடும். எல்லாம் சேர்ந்துக்கிச்சு. மூட்டு மாத்திரையைச் சரியாப் போடறீங்கதானே?"

நான் திரைச்சீலையைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா நிறுத்தியிருக்கீங்க?"

"அஞ்சு வாரம்."

"அக்கா!" ஆஸ்பத்திரி அதிர்ந்தது. வாசலில் இருந்த ஒல்லி கண்டக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணே, அப்ப எங்ககிட்ட எடுக்க மாட்டாங்களா?"

"எடுக்க மாட்டாங்கப்பா."

ஒல்லி ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்காகத்தான் என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான்.

அந்தக் கலவரத்தில் அவள் போகத் திரும்பினாள். நான் கோட்டின் நுனியைப் பிடித்து நிறுத்தினேன்.

"உங்களுக்கு நான் என்னம்மா செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. நான் செஞ்ச தப்பை நானே சரி பண்ணினேன். அதுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?"

"சொல்வாங்க."

"நான் வாங்கிக்க மாட்டேன்," என்று சிரித்துவிட்டு, மடித்த கையிலிருந்து நழுவிய குண்டூசியைக் குத்திக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். நர்ஸ் சொன்னாள், அவளுக்கு ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி என்று பெயராம். யார் எது கொடுத்தாலும் வாங்க மாட்டாளாம், ஒரு மிட்டாய்கூட.

மூன்று மாதம் ஆயிற்று. ஊசி போய் மாத்திரை வந்தது. மூட்டுக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள், வயிறு புரட்டவில்லை. ஒவ்வொரு மணிக்கும் எழுந்து வீட்டைச் சுற்றி நடக்கிறேன். நடக்காவிட்டால் தம்பி மனைவி மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறாள். கால் இரண்டும் பதிமூன்றுக்கு வந்துவிட்டன. மூன்று தடவை பிரித்த பைஜாமாவைப் பழையபடி பிடித்துத் தைத்தேன். நூற்று அறுபது சீருடையும் போய்ச் சேர்ந்தது, ஒரு வாரம் தாமதமாக. யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை. காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அந்தக் காய்ந்த புள்ளியை நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கால் பரிசோதனை முடிந்ததும் தம்பியையும் அழைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். கழுத்தில் நாடா, பையில் நல்ல வெள்ளைத் துணி மூன்று மீட்டர். பரிசோதனைக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. ஜன்னலோர மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் குழலில். அதே கோட்டு, அதே நாலு மடிப்பு, குண்டூசி மட்டும் புதிது. வலது கை பெட்டியில் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது, இடது கை சும்மா மேஜைமேல் கிடந்தது.

தம்பி என் காதருகே குனிந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

"எண்ணிட்டிருக்காங்க அக்கா. அப்புறம் வரலாம்."

"அப்புறம் வந்தா வேண்டாம்னு சொல்லிடுவாங்க. இப்ப வாயைத் திறக்க முடியாது."

நான் உள்ளே போனேன். நாடாவைப் பின்னாலிருந்து அவள் தோளில் வைத்தேன். பதினாலரை. முதுகு நீளம் பார்த்தேன். டிக் டிக் ஒரு நொடி தடுமாறி, பிறகு போனது. கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. இனிக் கை நீளம்தான் பாக்கி. அதற்கு அவள் நீட்டினால்தான் உண்டு.

நான் அந்த இடது கையைத் தொட்டேன்.

"கையைக் கொஞ்சம் நீட்டும்மா. அன்னிக்கு நான் நீட்டினேன் இல்ல?"